பாலுக்குத் தெரியாதா?

தையல் ஆலையின் கீழ்த்தளத்தில், துணிக்கட்டுகள் வைக்கும் கிடங்கை ஒட்டி ஒரு நீள அறை. வேலைக்கு வரும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மேலே போவார்கள். பத்தரை மணிக்கு ஒரு மணியடிக்கும். கைக்குழந்தைக்காரிகள் நாலைந்து பேர் படியிறங்கி ஓடிவந்து, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். பதினைந்தே நிமிடம்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்பவளைப் பிள்ளைகள் அத்தை என்றார்கள், அம்மாக்கள் அக்கா என்றார்கள். நாற்பத்தைந்து வயது. முன்பு அவளும் மேலே மூன்றாவது வரிசையில் காலர் தைத்தவள்தான். இந்த அறை திறந்தபோது, "அவளுக்குப் புள்ளகுட்டி இல்ல, பொறுமையா பாத்துக்குவா" என்று யாரோ சொல்ல, மேலாளர் அவளைக் கீழே அனுப்பினார். அந்தப் பேச்சை அவள் திருத்தப் போகவில்லை.

பால் கொடுக்கும் நேரம் வந்தால் பெரிய பிள்ளைகள் விளையாட்டைப் போட்டுவிட்டுப் பெஞ்சைச் சுற்றிக் குந்திக்கொள்வார்கள். அம்மா டீ குடித்தால் டீ வருமா? ஒரு பக்கம் பால் என்றால் இன்னொரு பக்கம் தண்ணீரா? அம்மா ரொம்ப நேரம் வராவிட்டால் உள்ளேயே தயிராகிவிடுமா? இவர்களில் ஒருவன், எல்லோரும் வாலு என்று கூப்பிடுபவன், ஒருநாள் சட்டையைத் தூக்கிவிட்டுத் தன் பிளாஸ்டிக் லாரிக்குப் பால் கொடுத்தான்.

"ஆம்பளைக்கு எதுக்குடா இது?" என்று கேட்டாள் நாலரை வயதுக்காரி ஒருத்தி. அவளுக்குக் கேள்விக்காரி என்றே பெயர் விழுந்திருந்தது.

"சும்மா. பட்டன்" என்றான் வாலு.

"பட்டன் இருந்தா காஜா இருக்கணுமே?"

பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் மெஷினில் வேலை பார்ப்பவளின் மகள் வேறெப்படிக் கேட்பாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

அதே கேள்விக்காரி, ஒரு செவ்வாய்க்கிழமை, தன் நாலு மாதத் தம்பி பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, உங்களுக்குப் பால் வந்துச்சா?"

"ஏய், வாய மூடு" என்று அதட்டினாள் அவள் அம்மா. "அத்தைகிட்ட அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க அக்கா."

அத்தை ஈரத்துணியால் பாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் பேச்சை மாற்றிவிட்டிருக்கலாம். அன்றைக்கு என்னவோ மனசு வரவில்லை.

"வந்துச்சு" என்றாள்.

"யாரு குடிச்சா?"

"என் பாப்பா. ஒன்பது நாள்."

கேள்விக்காரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு விரல் மிஞ்சியது. "அப்புறம்?"

"அப்புறம் பாப்பா இல்ல."

"செத்துப்போச்சா?"

"ஆமா."

"அப்போ பால் நின்னுடுச்சா?"

"எங்க நிக்குது. அது பாட்டுக்கு வந்துட்டே இருந்துச்சு."

சிறுமி நெற்றியைச் சுருக்கினாள். "பாப்பா இல்லன்னு பாலுக்குத் தெரியாதா?"

"தெரியல கண்ணு. யாரும் அதுக்குச் சொல்லல போல" என்றாள் அத்தை. ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பியதையும், ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு காலர் தைத்ததையும், நனைந்ததை மறைக்க முந்தானையை இழுத்து இழுத்துச் செருகியதையும் அவள் சொல்லவில்லை. "பிழிஞ்சு கொல்லையில இருந்த கொய்யாச் செடிக்கு ஊத்துவேன்" என்று மட்டும் சொன்னாள்.

"கொய்யா பால் வாசனை அடிச்சுதா?" என்று ஆவலாகக் கேட்டான் வாலு.

"காய்க்கிறதுக்குள்ள வீடு மாறிட்டோம்டா."

அவனுக்கு அது பெரிய ஏமாற்றம். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள். கேள்விக்காரியின் அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணியடித்ததும் படியேறிப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் அத்தையின் புருஷன் மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தோரு வருஷமாக இருவரும் தொடாத பேச்சு. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒரு குழந்த நம்ம பாப்பாவப் பத்திக் கேட்டுச்சு. சொன்னேன்."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "காது அப்படியே உன் காது" என்றான். "நீ மயக்கத்துல இருந்தப்ப மொதல்ல அதத்தான் பாத்தேன்."

அவளுக்கு அது தெரியாது. இன்னும் என்னென்ன நினைவிருக்கிறது என்று கேட்டாள். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். சோறு ஆறிப்போனது.

மறுவாரம், பிரசவம் முடிந்து ஆலைக்குத் திரும்பியிருந்த சின்னப் பெண் ஒருத்தி, பத்தரை மணிக்கு இறங்கிவந்து, குழந்தையை வாங்காமல் வாசலிலேயே நின்றாள். முகம் வலியில் சுண்டியிருந்தது.

"அக்கா, பால் கட்டிக்கிச்சு. கல்லு மாதிரி இருக்கு. காஜா அக்காதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க."

"உள்ள வா. சுடுதண்ணில துணி நனைச்சுத் தரேன், ஒத்தடம் குடுத்துட்டுப் பாப்பாவ மார்ல போடு" என்றாள் அத்தை, கெட்டிலின் பக்கம் நடந்தபடி. "எந்தப் பக்கம்?"