ஒன்றுவிட்டு ஒன்று பல் போன சீப்பு

போன வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் மூன்று சீப்புகளை உடைத்தேன். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

கோபத்தில் அல்ல. ஒரு எட்டு வயதுப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டதில்.

இரண்டு பெண்களை வளர்த்தவள் நான். பேன் பார்த்து, சிக்கெடுத்து, பின்னிப் பூ வைத்து, ஒருத்தியைக் கட்டியும் கொடுத்தாயிற்று. தலை வாருவது எனக்குத் தெரியாதா என்ன? அந்தத் திமிரோடுதான் போய் உட்கார்ந்தேன்...

பெண்ணின் பெயர் கெமி. பொம்மிடியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவள் அப்பா சிவலிங்கம் சார் பதினோரு வருடம் நைஜீரியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அங்கேயே ஒரு நர்ஸைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். மகளிடம் பிறந்ததிலிருந்து நம் ஊர்த் தமிழிலேயே பேசி வளர்த்திருந்தார். இந்த ஜூனில் அப்பாவும் மகளும் மட்டும் ஊருக்கு வந்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலை இன்னும் சில மாதம் பாக்கி. தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுவார். அதுவரை வீட்டையும் கெமியையும் பார்த்துக்கொள்வது சாரின் அக்கா ராஜாமணி.

கெமியின் முடியை நீங்கள் பார்க்க வேண்டும். பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்குமே, அது மாதிரி கறுப்பில் பல்லாயிரம். இழுத்தால் தோள் வரை வரும். விட்டால் காதுக்கே ஓடிவிடும். காலை வெயில் அதற்குள் நுழைந்துவிட்டால் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே மினுங்கிக்கொண்டிருக்கும். சித்தேரி மலைமேல் மழைக்கு முன்னால் ஒரு மேகம் வந்து உட்காருமே, ஓரமே இல்லாமல்... அதற்குக் கீழே இரண்டு கண்ணும், முன்பல் இரண்டு விழுந்த ஒரு சிரிப்பும் வைத்தால் கெமி.

ஜூனில் அப்படி இருந்தது. இரண்டே மாதத்தில் மேகம் தேங்காய் நாராகிவிட்டது.

யார் குற்றம்? வரிசையாகச் சொல்கிறேன்.

அவள் அம்மா ஒரு டப்பா நிறைய ஏதோ கொடுத்து அனுப்பியிருந்தார். இளமஞ்சள் நிறம், கட்டியாக, புகை வாசனையோடு. அங்கே ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெயாம், தலைக்குப் பூசுவது. ராஜாமணி மோந்து பார்த்தார். கெட்டுப்போன வெண்ணெய் என்று முடிவு கட்டினார். உழவு மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்திப் புண்ணாகியிருந்தது. மொத்தத்தையும் அதற்குத் தடவிவிட்டார்.

புண் நாலே நாளில் ஆறியது. பொம்மிடி வட்டாரத்திலேயே இன்று பளபளவென்று இருக்கும் மாடு அதுதான்.

அதற்கப்புறம் நாங்கள் எதைத்தான் விட்டுவைத்தோம்? சீயக்காய் போட்டோம். இருந்த கொஞ்சம் பசையையும் அது துடைத்தெடுத்தது. தேங்காய் எண்ணெய் மேலேயே நின்று நெற்றியில் வழிந்தது. கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ரஹீம் பாய், "இது புதுசுங்கம்மா, மெட்ராஸ்லயே இதான் இப்ப" என்று சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு கொடுத்தார். நுரை பிரமாதம். காய்ந்த பிறகு தொட்டால் கை கீறியது.

சாரிடம் கேட்டால் தலையைச் சொறிவார்.

"அவ அம்மா வாரி விடும்போது பார்த்ததில்லையா சார்?"

"பார்க்காம என்னங்க... நான் அந்தப் பக்கம் உக்காந்து பேப்பர் திருத்திட்டு இருப்பேன்."

பதினோரு வருடம் பேப்பர் திருத்தியிருக்கிறார்! மனைவிக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார்தான். ஏர்மெயில் போய்ப் பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

அவ்வளவு அவகாசம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். டீச்சர் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை வரும்போது ரெட்டைப் பின்னல், ரிப்பன் வைத்து மடித்துக் கட்டி வர வேண்டும். இல்லாவிட்டால் ஒட்ட வெட்டிவிட்டு வரட்டும்.

ராஜாமணிக்கு இரண்டுமே சரிப்படவில்லை. அவரிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தது.

"மொத மொட்டையே போடாத முடிங்க இது! பொறந்த முடிய யாராச்சும் எட்டு வருசம் வெச்சிருப்பாங்களா? அதான் இப்பிடி முறுக்கிக்கிட்டு நிக்குது. தீர்த்தமலைக்கு வேண்டிக்கிட்டேன். ஞாயித்துக்கெழம போயி எறக்கிட்டா மறுமுடி நேரா, கருகருன்னு வரும். எங்க சின்னவனுக்கு அப்பிடித்தான் வந்துச்சு."

சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் எந்தக் குழந்தை முதல் முடியோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறது? ராஜாமணியிடம் வன்மம் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் செய்ததை இந்தக் குழந்தைக்கும் செய்யப் பார்த்தார். அன்புதான். பயமாக இருந்தது அதனால்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கெமி மொட்டை மாடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பெரிம்மா, அம்மா ரயில்ல இருந்து எறங்குனதும் மொதல்ல என் தலையத்தான் பாப்பாங்க. அப்புறம்தான் மொகத்த."

"அப்படியா?"

"ஞாயித்துக்கெழம ஆனா அவங்க மடியில உக்காந்துதான் பின்னிக்குவேன். முடி இல்லன்னா அவங்க கை எதத் தொடும்?"

கீழே இறங்கிப் போய் ராஜாமணியிடம் பேரம் பேசினேன். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பின்னிக் காட்டினால் மொட்டை இல்லை. காட்ட முடியாவிட்டால் நானே பஸ் ஏற்றி அனுப்புகிறேன். "செஞ்சுதான் பாருங்க" என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை மூன்று சீப்பு போயிற்று. தலைக்கு ஊற்றி, மொடமொடவென்று காயவைத்து, பிறகு வாரினேன். அதுதானே முறை? ஈரத்தலையில் சீப்பு வைக்கக் கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்! ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பல் பறந்தது. கெமி அழவில்லை. அதுதான் எனக்கு அழுகை தந்தது.

உடைந்த சீப்புகளை எடுத்துக்கொண்டு பாயிடம் சண்டைக்குப் போனேன்.

"என்ன பாய் சீப்பு விக்கறீங்க?"

அவர் மூன்றையும் கல்லாவில் பரப்பிப் பார்த்தார். "ஏங்கம்மா, நீங்க தலை வாருனீங்களா, ஏர் ஓட்டுனீங்களா?"

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்துவிட்டு, மூன்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை. கடைசி முயற்சி. என் தலைக்கு நான் போடும் செம்பருத்தி இலையை அம்மியில் அரைத்தேன். கொழகொழவென்று, வழுக்கி வழுக்கிக் கைக்குள் நிற்காமல் ஓடும் பச்சை. கெமியைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலை முழுக்கத் தேய்த்தேன். அந்த நேரம் பார்த்து ராஜாமணி வாசலில் இருந்து குரல் கொடுத்தார்: "காலைல அஞ்சு மணி பஸ்சுங்க! சொல்லி வெச்சிட்டேன்!"

என் கைக்கு அடியில் இருந்த தலையைக் காணோம்.

தேடினேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்தாள். சொட்டச் சொட்டப் பச்சைத் தண்ணீரோடு, கையில் நான் உடைத்த சிவப்புச் சீப்பு. அதில் பல் ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒன்று போயிருந்தது. அவள் வாய் மாதிரியே.

வாரிக்கொண்டிருந்தாள். நுனியிலிருந்து கொஞ்சம், அதற்கு மேலே கொஞ்சம், அப்புறம் அடிவரை. ஒரு சத்தம் இல்லை. ஒரு இழுப்பு இல்லை. வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிட்ட மாதிரி சீப்பு அதன் பாட்டுக்குப் போயிற்று.

"ஏண்டி... ஈரத்துலயா வாருற?"

"அம்மா ஈரத்துலதான் வாருவாங்க. வழவழன்னு ஏதாச்சும் பூசிட்டு. காஞ்சா ஒடஞ்சிடும் பெரிம்மா, இந்த முடி."

"இத ஏண்டி இத்தனை நாளா சொல்லல?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னேனே. மூணு வாட்டி சொன்னேன். ஈரத்தலைல சீப்பு வெக்காதேன்னு நீங்கதான் அதட்டுனீங்க."

சொல்லியிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தேன்.

கடைகடையாகத் தேடினோமே... என்னென்னவோ மாற்றி மாற்றிப் பூசினோமே... அந்த முடியோடு எட்டு வருடம் வாழ்ந்தவளை ஒரு வார்த்தை கேட்டோமா? நமக்குத் தெரிந்தது எல்லாத் தலைக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வதில் நாம் எவ்வளவு கெட்டிக்காரர்கள்!

அதற்கப்புறம் வேலையை அவள் சொன்னாள், நான் செய்தேன். இலையை அலசிவிட்டு, ஈரம் இருக்கும்போதே கெட்டியாக ஏதாவது பூச வேண்டுமாம். மாட்டுக்குப் போன வெண்ணெய்க்கு எங்கே போவது? வீட்டில் விளக்கெண்ணெய் இருந்தது, இண்டூரில் இருந்து நாத்தனார் கொடுத்தனுப்பியது, தேன் மாதிரி இறங்கும். இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்துப் பூசினோம். முடி குடித்தது. நிஜமாகவே, வெயிலில் வெடித்துக்கிடந்த கொல்லை முதல் மழையைக் குடிக்குமே, அப்படி.

மேகம் திரும்பி வந்தது.

நடுவகிடு எடுத்து, தலையோடு ஒட்டினாற்போல் பக்கத்துக்கு மூன்று சின்னப் பின்னல். மும்மூன்றையும் சேர்த்து இரண்டு. மடித்துக் கருநீல ரிப்பன். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது!

ராஜாமணி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு பின்னலைத் தொட்டார். இழுத்துப் பார்த்தார். கெமி, "அத்தே, வலிக்குது" என்றாள். வலிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

"அழகாத்தான் இருக்குது" என்றார் கடைசியில். உடனே முகம் மாறியது. "ஆனா சாமிக்குச் சொல்லிட்டனே?"

சொன்ன வாக்கு சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி பஸ்ஸில் தீர்த்தமலைக்குப் போனார், தனியாக. தன் கூந்தலில் இருந்து மூன்று கத்திரி பூமுடி கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார். கெமிக்கு இரண்டு முழம் கனகாம்பரமும் வாங்கி வந்திருந்தார். அந்த மனுஷியை நான் சாதாரணமாக எடைபோட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ஹெச்.எம். டீச்சர் பின்னலைப் பார்த்து, "யார் போட்டுவிட்டது?" என்று மட்டும் கேட்டாராம். "பக்கத்து வூட்டுப் பெரிம்மா. நான் சொல்லிக் குடுத்தேன்" என்றாளாம் இவள். எப்படிப் பதில்!

சிவப்புச் சீப்பை மற்ற இரண்டோடும் சேர்த்துப் பாயிடம் கொண்டுபோனேன். கதையைக் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒழுங்கில்லாத பற்களைக் குறடால் கிள்ளி எடுத்து, உப்புக்காகிதத்தால் வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். பச்சையையும் மஞ்சளையும் அதே மாதிரி செய்து தந்துவிட்டு, "அவங்கம்மாவுக்கும் ஒண்ணு வேணுமில்லீங்க?" என்றார். எனக்குத் தோன்றவேயில்லை பாருங்கள்.

நேற்று சாயங்காலம் கெமியும் நானும் ஸ்டேஷன் வரை நடந்தோம். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. அவள் அம்மா எந்தப் பெட்டியில் வந்து இறங்கினால் நாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று கெமி இப்போதே இடம் பார்த்துவைத்துவிட்டாள்.

"தலையப் பாத்ததும் அம்மா என்னடி சொல்லுவாங்க?"

பின்னலைத் தடவிப் பார்த்தாள். "வகிடு கோணல்னு திட்டுவாங்க."

"யாரை?"

"உங்களத்தான்."

திட்டு வாங்குவதற்கு இத்தனை ஆசையாக நான் எந்த ரயிலுக்கும் காத்திருந்ததில்லை.