இருபத்திரண்டு பக்க மௌனம்

போன வெள்ளிக்கிழமை விழுப்புரத்திலிருந்து கெடார் பக்கம் ஒரு கிராமத்துக்கு பஸ் ஏறினேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா துணைக்குக் கூப்பிட்டாள். தீஸிஸ் அட்டைக்கு ஒரு போட்டோ வேண்டுமாம்.

ஸ்டெல்லா எம்.ஏ. இசை, இரண்டாம் வருடம். அந்தப் படிப்பில் பாதி மதிப்பெண் மேடையில் பாடுவதற்கு, பாதி தீஸிஸுக்கு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அந்த ஊர் மாதா கோயிலில் பெண்கள் பாடும் துக்கப்பாட்டைத்தான் இரண்டுக்கும் எடுத்திருந்தாள். முடித்துவிட்டால் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் வேலை தயார். தீஸிஸ் கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி.

அதற்குப் பிழை திருத்தியது நான். மூன்றாம் அத்தியாயத்தைப் படித்து அசந்துபோனேன். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அந்தப் பெண்கள் நீளமாக ஓர் இடைவெளி விடுகிறார்களாம் — அந்த மௌனத்தில்தான் துக்கமே இருக்கிறதாம். இருபத்திரண்டு பக்கம்! ஓரத்தில் சிவப்பு மையால் ‘அருமை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் கோயிலில் பாட்டு ஆரம்பித்தது. முதலில் எடுத்துப் பாடுகிற சவரியம்மா மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிவிட்டு நேராக வந்திருந்தார். அவர் ஒரு வரியை முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்ததைப் பிடித்துவிட்டார்கள். மூச்சு விட இடமில்லை. மௌனமா? மருந்துக்குக்கூடக் கிடையாது…

கோயிலில் அவர்கள் பாடி ஸ்டெல்லா கேட்பது இதுதான் முதல் தடவை. போட்டோ எடுக்க மறந்து நின்றாள். முடிந்ததும் சவரியம்மாவிடம் போய், முன்பு உங்கள் வீட்டில் நான் ரெக்கார்ட் செய்த அன்று ஏன் வேறு மாதிரி பாடினீர்கள் என்று கேட்டாள்.

“நீதான் நோட்டுல எழுதிக்கினு இருந்தியே பாப்பா. ஜல்தியா பாடினா நீ எப்படி எழுதுவ? அதான் வரிக்கு வரி நிறுத்தினோம்.”

நல்ல மனசுதான். ஓர் அத்தியாயமே காலி.

திரும்பும் பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கைடே பாராட்டிய அத்தியாயம், அப்படியே கொடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். ஒரு பெரிய மனுஷன் சொல்கிற யோசனையா இது? சொன்னேன்.

“பாடுற எக்ஸாம்ல இதே பாட்டத்தான் பாடணும் அங்கிள். ஃபாஸ்டா பாடினா தீஸிஸ் பொய். நிறுத்தி நிறுத்திப் பாடினா பாட்டு பொய். நான் எதப் பாடுறது?”



ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சவரியம்மா வீட்டுக்குப் போனாள், நோட்டு இல்லாமல். செல்போனை ஓரமாக வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து பாடியிருக்கிறாள். நேற்று புது மூன்றாம் அத்தியாயம் கைக்கு வந்தது — ஆறே பக்கம். அவர்கள் தனக்காக நிறுத்தியதையும், அதைத் தான் துக்கம் என்று நினைத்துக்கொண்டதையும் முதல் பத்தியிலேயே உள்ளபடி எழுதியிருந்தாள். கைடு என்ன சொல்வாரோ, வேலை என்ன ஆகுமோ… அவளுக்கும் பயம், எனக்கும் பயம்.

பழைய அத்தியாயத்தை ரஃப் பேப்பருக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். இதை அதன் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

நான் எழுதிய ‘அருமை’ இந்தப் பக்கமும் தெரிகிறது.