உடையாத இரண்டரை சென்டிமீட்டர்

கல்கத்தாவில் லிவர் எப்படி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கலாம்; மழை வருமா என்று கேட்பது மாதிரிதான். அதனால் பவானிபூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை முழுவதற்கும் என் சங்கதி தெரியும். முதல் முறை ஊசி போட்டு எடுத்த கல்லீரல் சதை துணுக்கு துணுக்காக உடைந்துபோனது. ‘சாம்பிள் போதாது, எதுவும் சொல்ல இயலாது’ என்று ஒரே வரியில் ரிப்போர்ட். வலித்ததுதான் மிச்சம்.

இரண்டாம் முறை, ஊசியை உருவிய டாக்டர் சின்னப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே சேமியா இழை போல ஒன்று கிடந்தது.

“தேகுன் தாதா, தேகுன்!” பாருங்கள் அண்ணா, பாருங்கள் என்று வங்காளியில் குதித்தார். இரண்டரை சென்டிமீட்டராம். ஓரிடத்திலும் உடையவில்லையாம். இதை வைத்து எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிடலாமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னமோ நானே பார்த்துப் பார்த்து நெய்து கொடுத்த மாதிரி பெருமை. வலது பக்கமாக அசையாமல் படுக்கச் சொல்லியிருந்தார்கள். படுத்தபடியே கிளைக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் கைதட்டல் கேட்டது. மேனேஜர் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். யாரோ விசிலடித்தார்கள்.

அப்போதுதான் உள்ளே வந்த என் மனைவியிடம், விரலை அகட்டி நீளத்தைக் காட்டினேன்.

“அதெல்லாம் சரி. லிவர் எப்படி இருக்காம்?”

இந்த ஊரில் வழிப்போக்கர்கூடக் கேட்கும் அந்தக் கேள்வியை, என்னையும் சேர்த்து, அன்றைக்கு யாருமே கேட்டிருக்கவில்லை.