கன்னி மூலைக் கால்வாய்

திண்டிவனத்தில் நான் வாழப்போன வீடு ஏரிக்கரையின் காலடியில் இருந்தது. வீட்டைக் குறை சொல்ல முடியாது. சுவரெல்லாம் நல்ல கனம், கூரைக்கு நாட்டு ஓடு. புழக்கடையைத்தான் எந்த வாயால் சொல்வது? ஏரி நிரம்பினால் கரைக்கு அடியில் கசிகிற தண்ணீர் முழுக்க எங்கள் புழக்கடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசியில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். துவைக்கிற கல்லுக்குப் போகப் பனமட்டைகளை வரிசையாகப் போட்டு அதன்மேல் நடப்போம். தை பிறந்த பிறகும் அங்கே தரை சொதசொதவென்றுதான் கிடக்கும்.

ஈரம் புழக்கடையோடு நின்றிருந்தால் நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். அது பின்சுவரில் ஏறி, நாங்கள் படுக்கிற அறைக்குள் வந்துவிட்டது. பாயைச் சுருட்டினால் அடியில் தரை வியர்த்திருக்கும். என் மகளுக்கு இழுப்பு. மழைக்காலம் முழுக்க அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு வேலை ஓடாது. ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து கொடுத்தார். கூடவே, "மருந்து பாதிதாம்மா. இந்த ஈரத்துல புள்ளைய வச்சிக்கினு இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று கையை விரித்துவிட்டார்.

விழுப்புரத்தில் என் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸ் மேட்டில் இருந்தது. வாசல் முழுக்க எஞ்சின் கரிக்கசடு கொட்டி மிதித்திருப்பார்கள், எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. "எங்கிட்ட உட்ரு. நான் வளக்கறேன்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயம். கெட்ட எண்ணமாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஒரு முடிவைச் சொன்னார். அடுத்த மழைக்குள் புழக்கடை காய்ந்தால் பிள்ளை நம்மோடு, இல்லையென்றால் விழுப்புரம். நான் அதற்குத் தலையாட்டினேன். போன பிள்ளை திரும்பி வருமா என்று அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

தையிலேயே வேலையை ஆரம்பித்தேன். தண்ணீர் குடிக்கிற செடிகளாக நட்டால் அவை குடித்தே தீர்த்துவிடும் என்பது என் யோசனை. துவைக்கிற கல்லைச் சுற்றி வாழைக்கன்று, கால் புதைகிற இடத்தில் சேம்பு, பின்சுவர் ஓரம் சிவப்பும் மஞ்சளுமாகக் கல்வாழை. வல்லாரை யாரும் கேட்காமலே வந்து படர்ந்தது. எல்லாம் கொழுகொழுவென்று வளர்ந்தன. எங்கள் வீட்டில் குழம்பும் சேப்பங்கிழங்கு, வறுவலும் சேப்பங்கிழங்கு என்று ஆனது. "இன்னும் பாயசந்தான் வெக்கல" என்று தெருவில் கேலி செய்தார்கள். ஆனால் ஏரி ஊற ஊற வாழை எவ்வளவுதான் குடிக்கும்? பாதிக் கன்று வேர் அழுகிச் சாய்ந்தது.

சித்திரையில் என் மாமனார் களத்தில் இறங்கினார். "செடி நட்டா ஆவாது, தண்ணிக்கு வழி உடணும்" என்றார். சரியான பேச்சுதான். வழியை எந்தப் பக்கம் விட்டார் என்பதில்தான் வந்தது வினை. வீட்டுத் தண்ணீர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில்தான் வெளியேற வேண்டும் என்பது அவர் சாஸ்திரம். தென்மேற்கான கன்னி மூலையில் வெளியேறினால் வீட்டுத் தலைவன் உயிருக்கு ஆகாது. எங்களுக்கு வடகிழக்கில் இருப்பது ஏரிக்கரை, தரை சரிகிறது தென்மேற்கே. தண்ணீரிடம் யாரும் சாஸ்திரம் சொல்லி வைக்கவில்லை.

"மேட்டுக்குத் தண்ணி ஏறுமா, மாமா?" என்று கேட்டேன்.

"ஆழமா வெட்டினா வராம எங்க போவும்?" என்றார்.

ஆழமாகத்தான் வெட்டினார். ஆள் வைத்து, தானும் கூட நின்று, பக்கங்களில் செங்கல் அடுக்கி, அடியில் ஓட்டுச் சில்லு பரப்பி, நடக்கிற இடத்தில் குடைந்த பனைமரத்தைப் பதித்தார்; பார்க்கக் கண்ணுக்கு அழகாகவே இருந்தது. வைகாசி, ஆனியில் புழக்கடை பலகைபோல் காய்ந்தது. வந்தவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். அந்த மாதங்களில் ஏரியே காய்ந்து, உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருந்ததை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. நானே நம்பிவிட்டேன், மகளுக்குப் புதுப்பாய்கூட வாங்கினேன்.

புரட்டாசி மழையில் ஏரி ஏறியது. கரைக்கு அடியில் எங்கே போவதென்று தெரியாமல் ஊறிக்கொண்டிருந்த தண்ணீருக்கு நேராக வீட்டுக்கு வர நாங்களே வழி வெட்டி, செங்கலும் அடுக்கிக் கொடுத்திருந்தோம். அது மரியாதையாக வந்து சேர்ந்தது. முன்பு கணுக்கால் வரை என்றால் இப்போது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் ஊருக்கு ஒன்று, எங்கள் வீட்டுக்குத் தனியாக ஒன்று என்று தெரு முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு இழுப்பு கண்டு, இரண்டு தலையணை வைத்து உட்கார்த்தி வைக்க வேண்டியதாயிற்று. தகவல் போய், அக்கா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். பேச்சுக்குக்கூட நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்து பாசஞ்சரில் விழுப்புரம் போனேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்றபோது இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது. போய்ப் பார்த்தால் பிள்ளை கரிக்கசட்டில் ஓடி ஓடி உள்ளங்கால் கறுத்துக் கிடந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. மத்தியானம் வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். மழைக்காலத்தில் அவள் வாயை மூடித் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. அக்கா மெதுவாக, "இங்கியே பள்ளிக்கூடத்துல சேத்துடலாமா?" என்று கேட்டாள். நான் கிளம்பும்போது மகள் அழவில்லை, அக்காவின் இடுப்பில் இருந்தபடி கையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மாமனார் முன்னால் போய் நின்றேன். கன்னி மூலையில் சுற்றுச்சுவரை உடைத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் எருமை வைத்திருந்த ஒரு பெரியம்மாவின் கொல்லை, அதைத் தாண்டினால் ஓடை. அவளிடம் முன்பே கேட்டிருந்தேன். "தாராளமா உடு, எம்மாட்டுக்குப் புல்லாவது மொளைக்கும்" என்றிருந்தாள்.

"வூட்டுத் தலைவன் உசுரு போவும், தெரியுமா?" என்றார் மாமனார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னார்.

வீட்டுத் தலைவன் என்றால் அப்போது என் வீட்டுக்காரர்தான். மாமியார் போன பிறகு மாமனார் பொறுப்பை மகனிடம் விட்டிருந்தார். சாவிக்கொத்து மகன் இடுப்பில், அமாவாசைக்குத் தேங்காய் உடைப்பது மகன், மாரியம்மன் கோயிலில் வீட்டுக்கு ஒருவர் என்று எழுதுகிற தலைக்கட்டும் மகன் பேரில்.

"புள்ளைய உட்டுக் குடுத்துட்டு சாஸ்திரத்த வச்சிக்கினு என்னா பண்றது?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை.

அடுத்த அமாவாசை வந்தது. படையல் வைத்து, என் வீட்டுக்காரர் தேங்காயைக் கையில் எடுத்தார். மாமனார் கையை நீட்டினார். "குடு, நான் ஒடைக்கறேன். சாவியயும் குடு."

என் வீட்டுக்காரர் இரண்டையும் கொடுத்தார். அதோடு விடவில்லை மனிதர். சாப்பிட்ட கையோடு கோயிலுக்குப் போய்த் தலைக்கட்டையும் தன் பேருக்கே மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் எதிர்த்துப் பேசினதற்கு மகனைத் தெருவில் தலைகுனிய வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு நான் பாத்திரம் தேய்த்த சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். "உடு, அவுரு வூடுதான" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகமும் சுருங்கித்தான் இருந்தது.

மறுநாள் காலை புழக்கடையில் மண் வெட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் மாமனார் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கன்னி மூலையில் நின்று மம்முட்டியால் சுவரின் அடியை வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து ஆடியது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மம்முட்டியைப் பிடித்தார்.

"நீ தொடாத, அப்பால போ. இந்த வூட்டுத் தலைக்கட்டு நானு."

என் வீட்டுக்காரருக்கு உடனே புரிந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போகிற உயிர் தன்னுடையதாக இருக்கட்டும் என்று முதல் நாளே எல்லாவற்றையும் தன் பேருக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பாத்திரமெல்லாம் நசுங்காமல் இருந்திருக்கும். இந்த ஆம்பிளைகளே இப்படித்தான்.

சுவரின் கடைசிச் செங்கல் பெயர்ந்ததும் தண்ணீர் அவர் காலுக்கு நடுவில் புகுந்து ஓடியது. சாயங்காலத்துக்குள் துவைக்கிற கல்லின் அடிப்பாகம் தெரிந்தது. அது எத்தனை உயரமான கல் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வடகிழக்குக் கால்வாயில் மயிலம் பக்கத்துச் செம்மண்ணைக் கொட்டி அடைத்தோம். புதுக் கால்வாயின் இரண்டு கரையிலும் வாழையையும் சேம்பையும் பிடுங்கி நட்டேன். வேர் நனைந்தும் மூழ்காமலும் இருந்ததில் அவை பிழைத்துக்கொண்டன. கார்த்திகையில் பாய்க்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன், தரை காய்ந்திருந்தது. சந்தேகம் தீராமல் கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன்.

தையில் அக்காவே மகளைக் கொண்டுவந்து விட்டாள். கூடவே, பின்சுவர் ஓரம் போட என்று இரண்டு மூட்டை கரிக்கசடு. அடுத்த வண்டிக்கே கிளம்பிவிட்டாள். இருந்தால் அழுதுவிடுவாள் என்று தெரிந்ததால் நானும் இருக்கச் சொல்லவில்லை.

மாமனார் சாவுக்குத் தயாராகத்தான் இருந்தார். ஒரு தும்மல் வந்தால்கூடச் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார். ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. "எமன் ஏரியச் சுத்திக்கினு வர்றான் போல, மாமா" என்பேன். சிரிப்பார், சாவியை மட்டும் தரமாட்டார். உலக யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்திலும், சின்னப் பிள்ளை போல என் வீட்டுக்காரர் அரிசிப் பெட்டிக்கு அப்பாவிடம் சாவி கேட்டுக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிகிற சமயம், ஓர் ஐப்பசியில், மாமனார் படுத்துவிட்டார். வயசுதான், வேறு நோவு இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் எங்களைக் கூப்பிட்டார். "கன்னி மூலைய அடச்சிட்டு வா. நான் போனா அடுத்தது நீதான். அடச்சப்புறந்தான் சாவி" என்று மகனிடம் சொன்னார்.

என் வீட்டுக்காரர் மம்முட்டியோடு போனார். நான் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மகள் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நீளமான வரிகளை எங்கும் நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் படித்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு மம்முட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

"அடச்சாச்சிப்பா."

மாமனார் காதைத் தீட்டினார். "தண்ணி சத்தம் கேக்குதே?"

"மழைப்பா."

மாமனார் சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.