அளவு முப்பத்திரண்டு

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நான் கதை கட்டுகிற ஆளும் இல்லை. கிழிந்த கூடாரம், தோள்பை, படகு உறை இவற்றைத் தைத்துப் பிழைக்கிற டெய்லர். ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் 6.10 முதல் 6.35 வரை என் கடைக்குள் நடந்தது அத்தனையும் உண்மை. அதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏரியில் வாடகைப் படகு விடுகிறவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைக் கேப்டன் என்போம். கப்பலைப் படத்தில்தான் பார்த்திருப்பார். தொப்பி மட்டும் கப்பல்காரர் தொப்பி. கோடைக்கு முன்னால் ஒரு வண்டி நிறைய லைஃப் ஜாக்கெட் கொண்டுவந்து என் கடையில் இறக்கினார். எல்லாமே பெரிய அளவு. அவரைப்போலத் தொந்தியும் தோளுமாக இருக்கிறவர்களுக்கு ஆனது. எங்கோ மலிவாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

"டெய்லரம்மா, இதுல இருக்கிற லேபிளைப் பிரிச்சுட்டு இதை வெச்சுத் தைங்க" என்று ஒரு பொட்டலம் நீட்டினார். சின்ன அளவு, நடுத்தர அளவு லேபிள்கள்.

"லேபிளை மாத்தினா ஜாக்கெட் சின்னதாயிடுமா சார்?"

"பெல்ட்டை இழுத்துக் கட்டினா எல்லாம் சரியாயிடும். துடுப்புகூடத்தான் குட்டையோ நெட்டையோ எல்லாருக்கும் ஒரே நீளம் குடுக்கறேன். யார் செத்தாங்க இப்போ?"

தைத்துக் கொடுத்தேன். ஒரு ஞாயிறு முழுக்க.

இரண்டு மாதம் கழித்து, ஏரியில் கயாக் என்கிற சின்னப் படகு கவிழ்ந்து ஒரு பெண் செத்துப்போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். கேப்டனிடம் கேட்டேன். "அவங்க ஜாக்கெட் பெல்ட்டுல பக்கிளே மாட்டலை. நான் என்ன பண்ண முடியும்?" என்றார். எனக்கும் அதை நம்புவதுதான் வசதியாக இருந்தது. நம்பினேன். நன்றாகவே தூங்கினேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். அந்த வியாழக்கிழமை.

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. சாரல் அடிக்கிறதென்று கதவைத் தாழிட்டுவிட்டு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மணி 6.10. நிமிர்ந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்கிறாள்.

ஒல்லியான உடம்பு. முப்பது வயதிருக்கலாம். முடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. மழையில் வந்தவள்தானே என்று நினைத்தேன். ஆனால் மழை வாசனை இல்லை. பாசி வாசனை. கையில் ஓர் ஆரஞ்சு ஜாக்கெட்.

"அளவு சரியில்லை" என்றாள்.

"போட்டுக் காட்டுங்கம்மா."

போட்டாள். மூன்று பக்கிளையும் மாட்டினாள். பெல்ட்டுகளைக் கடைசிவரை இழுத்தாள். பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கினாள்.

சரக்கென்று ஏறியது ஜாக்கெட். கழுத்து மறைந்தது. வாய் மறைந்தது. மூக்கும்... கண் இரண்டு மட்டும் மேலே. என்னையே பார்த்தன.

"தண்ணியில இப்படித்தான் ஆச்சு."

பழக்கத்தில் என் கை டேப்பை எடுத்தது. ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன்.

"மூச்சை நல்லா இழுங்க."

முப்பத்திரண்டு.

"விடுங்க."

முப்பத்திரண்டு.

மறுபடி இழுக்கச் சொன்னேன். விடச் சொன்னேன். நூலளவுகூட டேப் அசையவில்லை. என் விரல் அவள் முதுகில் பட்டது. சில்லென்று... கல் மாதிரி... உள்ளே எதுவும் துடிக்கவில்லை.

மணி 6.24. வெளியே மழை நின்றுவிட்டது.

சொட்... சொட்... சொட்...

அவளிடமிருந்து சொட்டுவது நிற்கவில்லை.

ஜாக்கெட்டைத் திருப்பி லேபிளைக் காட்டினாள்.

"இது யார் தையல்?"

"தெ... தெரியாதும்மா."

என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்தக் கையா?"

எலும்புக்குள் குளிர் ஏறியது. நகங்கள் நீலமாயின.

"நான்தான்... சொல்லித்தான் தைச்சேன்..."

"யார் சொல்லி?"

சொல்லாதே என்றது மனசு. பிடி இறுகியது.

"கேப்டன்!"

பிடி தளர்ந்தது.

"ஆளைச் சொல்லிட்ட. கையை விட்டுடறேன்."

மணி 6.35.

அவள் இல்லை.

ஜாக்கெட்டும் இல்லை.

கதவு... உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

போன் எங்கே என்று தேடினேன். கேப்டனுக்கு அடித்தேன். மூன்று முறை. எடுக்கவில்லை.

மறுநாள் காலை தெரு முழுக்க அதே பேச்சு. படகுத்துறையில் முழங்கால் தண்ணீரில் கிடந்தாராம். நீச்சலில் புலி அவர். போட்டிருந்த ஜாக்கெட் அவருடைய அளவேதான், பக்கிள் எல்லாம் சரியாக மாட்டியிருந்தது. ஆனாலும் அது ஏறி முகத்தை முழுசாக மூடியிருந்தது. "சார் ஒத்தையாத்தான் நின்னாரு. ஏழு மணி இருக்கும். விடு, விடுன்னு கத்தினாரு. நான் ஓடி வர்றதுக்குள்ள..." என்றார் படகுத்துறைக் காவலாளி.

அன்றே போலீசுக்குப் போய் லேபிள் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். செத்துப்போன பெண்ணின் போட்டோவைக் காட்டினார்கள். அதே முகம். பக்கிள் மூன்றும் மாட்டியபடியேதான் அவளைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்களாம்.

அவளுடைய அண்ணன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் காறித் துப்பினாலும் தகும் என்றுதான் நின்றேன். கடையில் நடந்ததையும் சொன்னேன். அவள் கேட்ட ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"அவ... பேசினாளா?"

"ஆமாங்க."

அவர் போட்டோவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என் தங்கச்சிக்குப் பிறந்ததுலேர்ந்தே பேச்சு வராதுங்க. அன்னிக்குக் கரையில இருபது பேர் இருந்திருக்காங்க. கூப்பிட முடியலை அவளால. ஜாக்கெட்ல ஒரு விசில்கூட இல்லை."

அப்புறம் நகர்ந்து இடம் விட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மெதுவாகக் கேட்டார்.

"அவ குரல்... எப்படிங்க இருந்துச்சு?"