கதவடியில் நிற்பவன்

றோஸ்மேரி தன் புத்தகத்தில் செருகிய பஸ் ரிக்கற் துண்டை ஒருநாளும் இடம் மாற்றியதில்லை.

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் முடிவில், வீட்டு ஹீற்றர் முதல்முறையாகப் புழுதி மணத்தோடு சூடேறும் கிழமையில், கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் பழைய சாமான் விற்பார்கள். அங்கே அவள் ஒரு பிரெஞ்சு நாவல் வாங்குவாள். அட்டைப்படம் எப்போதும் ஒரே மாதிரித்தான்: இருண்ட மாளிகை, ஒரேயொரு யன்னலில் வெளிச்சம், நீளச் சட்டையோடு ஓடிவரும் ஒரு பெண். வாங்கிய அன்றே நடுப்பக்கத்தில் ஒரு பழைய பஸ் துண்டைச் செருகுவாள். நவம்பர் வரை அது அங்கேயே இருக்கும்.

தங்கையின் மகள் ஷெரோன் எட்டு வயதில் இதைக் கவனித்தாள். ஒருநாள் அந்தத் துண்டை எடுத்து நாற்பது பக்கம் தள்ளி வைத்தாள். பெரியம்மா வந்து, அந்தப் புதுப் பக்கத்தைத் திறந்து, அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒரு சொல் தடக்கவில்லை. பெரியம்மாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது என்பது அன்றைக்கே ஷெரோனுக்கு விளங்கிவிட்டது. அடுத்த பதினாறு வருடம் அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

றோஸ்மேரி மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கட்டியவன் எமிலியானுஸ், இந்தப் பிரெஞ்சு நகரத்துக்கு வந்து மூன்றாம் வருடம் வேறொருத்தியோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் அவள் சென்ட் லோரன்ட்டில் மருந்து அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். முதல் இலையுதிர்காலத்தில், தனியே இருந்து சாப்பிடும் வெட்கத்தை மறைக்கத்தான் கையில் புத்தகம் வைத்திருந்தாள். மேற்பார்வையாளன், "ஓ, மதாம் வாசிக்கிறா" என்று மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனான். பக்கத்து மேசை யோசெப்பின் எட்டிப் பார்த்து, "என்ன கதை அக்கா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அட்டையைப் பார்த்தாள். சொல்லத் தொடங்கினாள்.

இருபத்திரண்டு வருடம் சொன்னாள். மேசையில் இருந்த மற்றவர்களுக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அந்த அரைமணிச் சாப்பாட்டு நேரம்தான் அவளுக்கு அங்கே ஓர் இடத்தைக் கொடுத்தது. யன்னலோரக் கதிரை அவளுடையது. மைக்ரோவேவ் வரிசையில் அவளை முன்னுக்கு விடுவார்கள். கை வலிக்கிறது என்றால் அவளுடைய பெட்டிகளையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். வாசிக்கிற மனுசி என்று பெயர். கதைக்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். நவம்பர் இரண்டு, மரித்த ஆத்துமாக்களின் திருநாளுக்கு முன் கதை முடிந்துவிட வேண்டும். "இல்லாட்டிக் கதையிலை வாற செத்த ஆள் அந்தரத்திலை நிண்டுபோகும்" என்பாள். அதே மேசையில் இருந்த, சைவக்காரியான இந்திராதேவி கூட அதை நம்பினாள்.

பிரெஞ்சு இலக்கியத்தில் பட்டம் வாங்கிய ஷெரோன், வேலை கிடைக்கும்வரை இரண்டு மாதம் என்று பெரியம்மாவின் பெட்டி ஒட்டும் லைனுக்கே வந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை எடுத்துக் கொடுத்ததே பெரியம்மாதான்.

அந்த வருடக் கதை எலினாவுடையது. அவள் காதலித்த துரை பனிக்குள் புதைந்து செத்துப்போனான். ஆனால் மாளிகையின் பூட்டிய அறைக்கு வெளியே வந்து நின்று, "நான் வரலாமா?" என்று கேட்கிறான். திறந்தால் அவன் அவளுக்குத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருக்கிறவர்களுக்கு இல்லை. ஐந்து கிழமையாக எலினாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது.

"நாளைக்குத் திறப்பாளோ அக்கா?" என்றாள் யோசெப்பின்.

"அவசரப்படாதை. வேணுமெண்டால் எங்கட ஷெரோனைக் கேள். அவளும் இதுகளைத்தான் படிச்சவள்."

இந்திராதேவி ஷெரோனை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு வருசம் பேய்க்கதை படிச்சுப்போட்டு எங்களோட நிண்டு பெட்டி ஒட்டுறாய். என்ன பிள்ளை, பேயும் உனக்கு வேலை தரேல்லையே?"

மேசை முழுக்கச் சிரித்தது. றோஸ்மேரியும் சிரித்தாள்.

பிறகு செய்ததை ஏன் செய்தோம் என்று ஷெரோன் தன்னைப் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மரியாதையான பதில் ஒன்று வரும். அந்தப் பதில்களில் ஒன்றையும் அவள் நம்பவில்லை. அந்தச் சிரிப்புத்தான் காரணம்.

அவள் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினாள். "பெரியம்மா, இந்தப் பெரிய எழுத்துச் சொல்லை ஒருக்கா வாசியுங்கோ."

றோஸ்மேரி குனிந்து பார்த்தாள். முதல் எழுத்துகள் அவளுக்குத் தெரிந்தவை. வீட்டுக்கு வருகிற வரிக் கடிதங்களில் வருமானம் என்ற பிரெஞ்சுச் சொல் அப்படித்தான் தொடங்கும்.

"ரெவ்னு" என்றாள்.

"ஐயோ, துரைக்கும் வரிக் கடிதம் வந்திட்டுது!" என்று யோசெப்பின் கைதட்டினாள். றோஸ்மேரி அந்தப் பகிடியை எட்டிப் பிடித்துக்கொண்டு தானும் சிரிக்கப் பார்த்தாள்.

ஷெரோன் விடவில்லை. "ரெவ்னு இல்லை, ரெவ்னான். செத்துப்போய்த் திரும்பி வாறவன். இருபத்திரண்டு வருசமாப் பேய்க்கதை சொல்லுறியள், பேய் எண்ட சொல்லு உங்களுக்குத் தெரியாது." பிறகு பின்னட்டையை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். "இதிலை எலினா எண்டு ஒருத்தியும் இல்லை. துரை இல்லை. பூட்டின அறையும் இல்லை. எல்லாம் இவவின்ர புளுகு."

றோஸ்மேரி சாப்பாட்டுப் பெட்டியை மெதுவாக மூடினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"எட்டு வயசிலையே தெரியும்."

றோஸ்மேரி தலையாட்டினாள். மேசையில் சிந்தியிருந்த சோற்றைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு எழும்பிப் போனாள்.

அடுத்த நாளே அவளுக்கு "ரெவ்னு அக்கா" என்று பெயர் வந்தது. சுவரில் புது அறிவித்தல் ஒட்டினால் யோசெப்பின் கூப்பிடுவாள்: "ரெவ்னு அக்கா, இதிலை என்ன போட்டிருக்கு? வாசிச்சுச் சொல்லுங்கோவன்." யன்னலோரக் கதிரையில் வேறொருத்தி இருந்தாள். மைக்ரோவேவ் வரிசையில் றோஸ்மேரி கடைசியில் நின்றாள். பிறகு வரிசைக்கே வரவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் லொக்கரைப் பார்த்தபடி நின்று ஆறிய சோற்றைத் தின்றாள். நவம்பர் இரண்டு வந்து போனது. எலினாவின் கதவு திறக்கவும் இல்லை, திறக்காமல் விடப்படவும் இல்லை.

ஜனவரியில், லாசாலில் இருந்த கொம்பனியின் மற்றத் தொழிற்சாலைக்கு மாற்றம் கேட்டு வாங்கி, வீட்டையும் அங்கே மாற்றிக்கொண்டாள். போகும்போது புத்தகத்தை ஷெரோனின் லொக்கருக்கு மேல் வைத்துவிட்டுப் போனாள். பஸ் துண்டு நடுப்பக்கத்திலேயே இருந்தது.

அடுத்த ஒக்ரோபரில் மேசை வெறிச்சென்று கிடந்தது. "நீயாவது வாசி பிள்ளை" என்றார்கள். ஷெரோன் மூன்று கிழமையாக அந்த நாவலை ஒரு பிழையில்லாமல் தமிழில் சொல்லி முடித்தாள். பேய் என்று வந்தவன் சொத்துக்காக நடித்த இரட்டைச் சகோதரன். கடைசியில் கல்யாணம்.

யோசெப்பின் கொட்டாவி விட்டாள். இந்திராதேவி தண்ணீர்ப் போத்தலை மூடிவிட்டுக் கேட்டாள்:

"உது புத்தகத்தின்ர முடிவு. எங்கட முடிவு எங்கை?"

"அப்பிடி ஒண்டு இல்லை அன்ரி. அது பெரியம்மா கட்டின கதை."

"ஆர் கட்டினால் என்ன? போன வருசம் தொட்டு அந்தாள் கதவடியிலை நிக்குது. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. போய்க் கேட்டுக்கொண்டு வா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஷெரோன் லாசாலுக்குப் போனாள். மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும். பெரியம்மா கதவைச் சங்கிலியோடு திறந்தாள். நெற்றி மயிர் முழுக்க நரைத்திருந்தது.

"வரலாமா பெரியம்மா?"

"என்ன விசயம்?"

"எலினா... கதவைத் திறந்தவளோ எண்டு கேக்கினம்."

"நீ படிச்ச பிள்ளை. புத்தகத்திலை இருக்கும், பார்."

"புத்தகத்திலை இல்லை."

"அப்ப எங்கை இருக்கு?" றோஸ்மேரி காத்துக்கொண்டு நின்றாள். "சொல்லன். எங்கை இருக்கு?"

"உங்களிட்டை."

"ஓம். என்னட்டைத்தான் இருக்கு. அவள் என்ன செய்தவள் எண்டு எனக்குத் தெரியும்." சங்கிலி ஆடாமல், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை, "என்னவாம்?" என்று கேட்டவர்களுக்கு, "பிறகு சொல்லுவாவாம்" என்று ஷெரோன் பொய் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு வந்தவள், அதற்குப் பிறகும், மூன்று வருடமாகியும் அதே லைனில்தான் நின்றாள்.

இந்த மார்ச்சில் றோஸ்மேரி இதயம் நின்று செத்துப்போனாள். மேசையிலிருந்த பெண்கள் எல்லோரும் செத்தவீட்டுக்கு ஒரு வான் வண்டியில் வந்தார்கள். யோசெப்பின் சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்து, "என்ர ரெவ்னு அக்கா" என்று குளறினாள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. இந்திராதேவி அழவில்லை. மூடுவதற்கு முன் கடைசியாகக் குனிந்து, பூவைச் சரிசெய்கிற மாதிரி, மெல்லிய குரலில் கேட்டாள். பின்னால் நின்ற ஷெரோனுக்கு அது தெளிவாகவே கேட்டது.

"அக்கா, எங்கட முடிவைத் தராமலே போறியளே?"