சக்கரம் கட்டின கால் எந்தப் பக்கம் சுத்தும்

ஸ்கேட்டிங் தரையைப் பார்த்துக்கிற வேலைன்னு சொன்னப்போ, தரையில பார்த்துக்க என்ன இருக்குன்னுதான் எனக்குத் தோணிச்சு. அது எங்க ஓடிப் போகப் போகுது? நான் நாலாங்கிளாசு வரைக்கும் படிச்சவ. புது ஆளைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்குவேன். ஜனங்களோட பேசற வேலை இல்லை, தரையோட இருக்கிற வேலைன்னு கேட்டதும் ஒத்துக்கிட்டேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாப் பிரிஞ்சு, வேங்கிக்கால் பக்கம் ஆபீசுங்களா முளைச்சிட்டிருந்த காலம் அது. ஒரு ஆபீசுக்குப் பின்னாடி வட்டமா, வழவழன்னு சிமெண்டுத் தரை போட்டு, நடுவில ஒரு விளக்குக் கம்பம் நட்டாங்க. பசங்க கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு அதில ஓடணும். கூரை கிடையாது. கோடையில அந்தச் சிமெண்டுல தோசையே சுடலாம். அதனால தீபம் முடிஞ்சு மழை விட்டதும் திறப்போம், பங்குனி வெயில் ஏறினதும் பூட்டுவோம். பனிக்காலம்தான் எங்களுக்குச் சீசன்.

முதல் மார்கழியிலேயே வேலை இன்னதுன்னு தெரிஞ்சுபோச்சு. விடியறப்போ தரை பூரா மண்பானை மாதிரி வேர்த்துக் கிடக்கும். காஞ்ச கோணியை இழுத்து இழுத்துத் துடைக்கணும். சின்னக் கல்லு ஒண்ணு கிடந்தாலும் சக்கரம் சிக்கி, பிள்ளை குப்புற விழும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஜனங்களைத் தடுக்கிறதுதான் பெரும்பாடு. வழவழன்னு ஒரு தரையைப் பார்த்தா நம்ம ஆளுங்களுக்கு நெல்லு காயவைக்கத்தான் கை வரும். தை மாசம் ஒருத்தர் மூட்டையோட வந்து நின்னுக்கிட்டு, "பசங்க ஓரமா ஓடட்டும்மா, நான் நடுவுலதான் கொட்டிக்கிறேன்"னார். இன்னொரு நாள் எந்தப் புண்ணியவதியோ தரை பூரா கோலம் போட்டு, நடுவில பூசணிப்பூவும் வச்சிட்டுப் போயிட்டா. அழகாத்தான் இருந்தது. கோலமாவு சக்கரத்துக்குள்ள போயி, அன்னிக்கு ஒரு பிள்ளையும் நகரலை.

சொல்லிக் கொடுக்க ஒரு மாஸ்டர் மெட்ராசுல இருந்து வந்தார். சின்ன வயசுதான். அலையா அலைஞ்சு அந்தத் தரையைக் கேட்டு வாங்கினதே அவர்தான். சனி, ஞாயிறு மட்டும் வருவார். மத்த நாள் நான் கதவைத் திறந்து விடுவேன், பிள்ளைங்களைப் பெத்தவங்க சுத்தி உட்கார்ந்திருப்பாங்க. வினை அங்கதான் ஆரம்பிச்சது.

அடுத்த சீசன் திறக்கறதுக்கு முன்னாடி, ஆயுத பூஜையன்னிக்குச் சக்கரங்களுக்குச் சந்தனம் வச்ச கையோட, யாரோ அந்தக் கம்பத்துக்கும் குங்குமம் வச்சு மாலை போட்டுட்டாங்க. அதோட கம்பம் சாமியாயிடுச்சு. மாஸ்டர் பிள்ளைங்களை இடது பக்கமாத் திரும்பித் திரும்பி ஓடச் சொல்லுவார், போட்டியில எல்லா ஊர்லயும் அப்படித்தானாம். அவர் போனதும் தாய்மாருங்க, "இடமா சுத்தாதீங்கடா, வலமா வாங்க"ன்னு திருப்பி விடுவாங்க. அதுங்க வாரத்துல அஞ்சு நாள் வலம், ரெண்டு நாள் இடம்.

முன்னாடி இருக்கிற ஆபீசோட ஆபீசருக்கு அந்தத் தரை மேல முன்னமே ஒரு கண்ணு. "ஜீப்பு சீட்டெல்லாம் வெயில்ல வெடிக்குது. வேலூர்ப் பசங்களை மாசியில போட்டிக்குக் கூப்பிட்டிருக்கேன். நம்ம பசங்க நல்லா ஓடினா தரை அவங்களுக்கு. இல்லன்னா ஷெட்டு போட்டு ஜீப்பை நிறுத்திடுவேன்"னுட்டார். மாஸ்டர் அன்னிக்கே தாய்மாரைக் கூட்டிக் கெஞ்சினார்.

அவங்களுக்குத் தலைவி அடி அண்ணாமலைங்கிற ஊர்க்காரி ஒருத்தி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில சுக்குக்காபி விக்கிறவ. அவ பொண்ணு ஓடறதைப் பார்த்தா நமக்கே மூச்சு வாங்கும், அவ்வளவு வேகம்.

"இன்னா சார் பேசறீங்க? இடமா சுத்தறது எப்பன்னு தெரியுமா? சுடுகாட்டுல கொள்ளிக்குடம் தூக்கறப்போ. எம் பொண்ணைப் போயி..."

"அம்மா, உலகம் பூரா இப்படித்தாம்மா ஓடறாங்க."

"உலகத்துக்கு நடுவுல மலை கீதா? எங்களுக்குக் கீது."

"வேலூர்ப் பசங்க எதிர்ல வந்து முட்டிக்குவாங்களேம்மா!"

"அவங்களையும் வலமா வரச் சொல்லுங்க. புண்ணியமாச்சும் சேரட்டும்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்களேன்."

எல்லாரும் என்னைப் பார்த்ததும் நான் வழக்கம்போலத் தலையைக் குனிஞ்சேன். குனிஞ்சா எதிர்ல பிள்ளைங்களோட காலுங்கதான் தெரிஞ்சது. ஷூ, அதுமேல பெல்ட்டு, அடியில சக்கரம். வாயில தானா வந்துடுச்சு.

"செருப்புக் காலோட யாராச்சும் சாமி சுத்துவாங்களா?"

"இன்னாக்கா சொல்றே?"

"நீ மலை சுத்தறப்போ வெறுங்காலோடதானே போறே? இதுங்க ஷூவும் போட்டு, அதுக்கு மேல சக்கரமும் கட்டியிருக்குதுங்க. இது வலமும் இல்லை, இடமும் இல்லை. வெறும் ஓட்டம்."

அவ வாயில கை வச்சுக்கிட்டா. "ஐயோ, அப்ப இவ்வளவு நாள் சுத்தினது ஒண்ணும் சேரலியா?" கம்பத்தைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டா. "சரி. முதல்ல வெறுங்கால்ல ஒரு வலம் வந்து சாமிகிட்ட உத்தரவு வாங்கட்டும். அப்புறம் சக்கரத்தை மாட்டிக்கிட்டு எப்படியோ ஒழியட்டும்." மாஸ்டர் அவளைக் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார். நான் விளக்குமாறை எடுத்துக்கிட்டு நகர்ந்துட்டேன்.

போட்டி அன்னிக்குக் காலையில நம்ம பிள்ளைங்க ஷூவைக் கழட்டிட்டுக் கம்பத்தை வலம் வந்தாங்க. வேலூர்ப் பசங்க ஒண்ணும் புரியாமலே அவங்களும் கழட்டிட்டுப் பின்னாடியே வந்தாங்க. எல்லாரும் பார்க்கவே, ஆபீசரும் வேற வழியில்லாம ஷூவைக் கழட்டினார். அவர் சாக்ஸு ஓட்டை வழியா கட்டைவிரல் எட்டிப் பார்த்துச்சு.

விசில் ஊதினதும் அடி அண்ணாமலைக்காரி பொண்ணு அம்பு மாதிரி முன்னாடி போனா. வளைவு வந்தது. மனசுக்கு இடதுன்னு தெரிஞ்சிருக்கும், உடம்புக்குத் தெரியலை. வலது பக்கம் சாஞ்சு, நேரா என் கோணிக் குவியல்ல போய் விழுந்தா. அவ பின்னாடியே மத்ததுங்களும் ஒண்ணு மேல ஒண்ணு. பரிசெல்லாம் வேலூருக்கே போச்சு. மாஸ்டர் அப்படியே தரையில குந்திட்டார். ஆபீசர் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கண்ணாலயே ஷெட்டு போட்டுக்கிட்டிருந்தார்.

பொண்ணோட அம்மா மட்டும் விடலை. புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு வேலூர் மாஸ்டர்கிட்ட போனா. "தம்பி, உங்க பக்கம் சுத்தியாச்சு. ஒரே ஒரு தபா எங்க பக்கம் சுத்தச் சொல்லேன், பாப்போம்."

அவர் நல்ல மனுஷன். சிரிச்சுக்கிட்டே சரின்னார்.

மறுபடியும் விசில். முதல் வளைவுலயே வேலூர்ப் பசங்க உலுக்கின புளியம்பழமா உதிர்ந்தாங்க. எழுந்தாங்க, மறுபடி விழுந்தாங்க, அவங்களுக்கே சிரிப்பு தாங்கலை. நம்ம பிள்ளைங்க கம்பத்தைச் சுத்தி வந்த வேகத்துல மாலையில இருந்த பூவெல்லாம் ஆடிச்சு. அந்தப் பொண்ணு முட்டியில ரத்தத்தோட, வாயெல்லாம் பல்லா, நிறுத்தச் சொல்லி விசில் ஊதியும் நிக்காம சுத்திக்கிட்டே இருந்தா. குந்தியிருந்த மாஸ்டர் எப்ப எழுந்தாரோ, "சாய், சாய், அப்படித்தான்"னு தொண்டை கிழியக் கத்தினார்.

ஆபீசர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். கண்ணைத் துடைச்சிக்கிட்டு டிரைவரைக் கூப்பிட்டார். "ஜீப்பை அந்தப் புளியமரத்தடியில விடுய்யா. இங்க இடம் கிடையாது."

"காக்கா எச்சம் போடும் சார்."

"போடட்டும்யா"ன்னுட்டு, ஓட்டைச் சாக்ஸோடவே அடுத்த சுத்தைப் பார்க்க முன்னாடி போய் நின்னுக்கிட்டார்.